கூம்புல மட்டும் பேரு எழுத மாட்டேன்

அதை வச்சிருங்க சார். கோவிச்சுக்காதீங்க. சங்குல எழுதுறேன், சோழியில எழுதுறேன், முத்துச்சிப்பியில உங்க குடும்பத்துல அத்தனை பேரு பேரையும் வரிசையா எழுதித் தர்றேன். இந்தக் கூம்புச் சிப்பியில மட்டும் எழுத மாட்டேன். விக்கிறேன்ல? விக்கிறேன். வாங்கிட்டுப் போயி நீங்களே எழுதிக்குங்க. என் கையால எழுத மாட்டேன்.

இந்தச் சங்கு போதும்ங்கிறீங்களா? சரி. என்ன பேரு? தமயந்தி. நல்ல பேரு. வீட்டம்மாவா? மகளாக்கும்னு நினைச்சேன். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. பெயிண்ட் ரெண்டு தடவ அடிக்கணும், நடுவுல காயணும். அவசரப்பட்டா எழுத்து வழிஞ்சிரும்.

ஏன் எழுத மாட்டீங்கன்னு கேக்குறீங்க. எல்லாரும் கேக்குறாக. வெளிய பலகையில நம்புராஜன் சிப்பிக் கடைன்னு இவ்வளவு பெருசாப் போட்டிருக்கேன். ஆனா ராமேஸ்வரம் கடைத்தெருவுல போயி நம்புராஜன் கடை எங்கன்னு கேளுங்க, ஒருத்தனுக்கும் தெரியாது, முழிப்பான். நத்தைகிட்ட கடி வாங்குன ஆளு கடை எங்கன்னு கேளுங்க. கையப் புடிச்சுக் கூட்டியாந்து இங்க விட்டுட்டுத்தான் போவான்.

கடி இல்ல சார் அது. குத்து. இந்தக் கூம்பு இருக்கு பாருங்க, ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒடுங்கியிருக்கு. ஒடுங்குன பக்கத்துலேருந்து ஒரு குழாய நீட்டும். குழாய்க்குள்ள ஊசி. ஊசிக்குள்ள விஷம். அத வச்சுத்தான் அது மீனைக் குத்தி முழுங்குது. நத்தை சார்! நகரவே அரை நாள் ஆகும், அது மீனைப் புடிச்சுத் திங்குது. முப்பத்தோரு வருஷமா இதை வித்துக்கிட்டு இருக்கேன், எனக்கு ஒருத்தரும் சொல்லல. பொண்டாட்டி சொன்னா. அதைச் சொன்னதா எடுத்துக்க முடியுமா? அவ நாள் பூரா ஏதாவது சொல்லிக்கிட்டேதான் இருப்பா.

அந்தா உள்ள உக்காந்து சிப்பி கழுவிக்கிட்டு இருக்காளே, அவதான். முத்துராக்கு. பாம்பன்காரி. அவ அப்பா சங்கு குளிக்கிறவரு. கடல்ல இருக்கிறது எல்லாம் அவளுக்குத் தெரியும். கொஞ்சம் மெதுவாப் பேசுவோம்.

அவகிட்ட ஒரே ஒரு கெட்ட பழக்கம் சார். பொய் சொல்ல மாட்டா. ஒரு தடவ கடையில உக்கார வச்சேன். வந்தவுக, "இது இந்தக் கடல்ல எடுத்ததாம்மா?"ன்னு கேட்டிருக்காக. "இல்லங்க, வெளிநாட்டுலேருந்து பெட்டியில வருது"ன்னு சொல்லிப்புட்டா. யாவாரம் விளங்குமா? அன்னைக்கே உள்ள கழுவுற வேலைக்கு அனுப்பிட்டேன். நான் சாயங்காலம் கொஞ்சம் போட்டுட்டு வருவேன், ஒளிவு மறைவு எதுக்கு, அப்பல்லாம் வருவேன். வாசல்லயே நிறுத்தி வாய மோந்து பாப்பா. பாத்துட்டு, "இன்னைக்கும் குடிச்சிருக்காரு"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்லுவா, ஸ்டேஷன்ல ரயில் வர்றதைச் சொல்லுவாங்கள்ல, அந்த மாதிரி. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம், ஒரு நாள் தவறினதில்ல. எங்க தெருவுல எவனும் என்னைப் பாத்து நீ குடிச்சிருக்கியான்னு கேக்க மாட்டான். அவளைத்தான் கேப்பான்.

இந்த லட்சணத்துல எம்மகளுக்கு மாப்பிள்ளை பாத்தோம். பவதாரணின்னு பேரு. இது ஏழாவது இடம். முன்னாடி வந்த ஆறும் என்னாலதான் போச்சுன்னு ராக்கு சொல்லுவா. கணக்கு தப்பு. நாலுதான் என்னால போச்சு.

ஏழாவது இடம் பரமக்குடி. மாப்பிள்ளை கோகுலகிருஷ்ணன், மருந்துக்கடை வச்சிருக்காரு. தங்கமான புள்ள. எம்மகளுக்கு ரொம்பப் புடிச்சிருச்சு. ஆனா மாப்பிள்ளையோட அப்பா இருக்காரே, வில்வநாதன், அவரு யாருங்கிறீங்க? மது ஒழிப்பு மன்றத்துக்குத் தலைவரு! எந்த ஊரு பஸ் ஸ்டாண்டா இருந்தாலும் மைக்கைப் புடிச்சுக்கிட்டு நிப்பாரு. என் நேரத்தைப் பாருங்க. தமிழ்நாட்டுல இத்தனை கோடிப் பேரு இருக்க, எனக்குச் சம்பந்தியா வர்றவரு அவராத்தான் இருக்கணுமா?

பூ வைக்க வர்றதுக்கு முதல் நாள் எம்மக வந்து எங்கிட்ட நின்னுச்சு. "அப்பா, நாளைக்கு ஒரு நாள் மட்டும்"னுச்சு. கண்ணு கலங்கிருச்சு. நான் தலையில கையை வச்சுச் சத்தியம் பண்ணேன். எந்தலையிலதான். புள்ள தலையில பண்ணலாமா?

ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு வர்றதாச் சொல்லியிருந்தாக. எட்டு மணிக்கே எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. பயம் சார். இவ்வளவு பெரிய ஆளு முன்னாடி தப்பா ஒண்ணும் நடந்துரக் கூடாதேன்னு பயம். பேரு எழுதுற கை நடுங்கலாமா? அதுக்காக ஒரே ஒரு கட்டிங். அது குடியில சேராது, நிதானத்துக்குப் போட்டது. போட்ட கையோட பின்னாடி மரத்துலேருந்து ரெண்டு கொய்யா இலையப் பறிச்சு நல்லா மென்னு துப்பிட்டேன். கொய்யா இலைக்கு இருக்கிற சக்தி எதுக்கும் கெடையாது. பின்னாடி சொல்றேன் பாருங்க.

அந்த நேரம் பாத்து என் மச்சினன் சேதுபாண்டி வந்தான். கடலுக்குப் போறவன். ஈரச்சாக்குல ஒரு கூம்பைச் சுத்தி எடுத்தாந்தான். "மச்சான், வலையில வந்துச்சு. அக்காகிட்ட கேக்காமத் தொடாதீங்க"ன்னு சொல்லி வச்சுட்டுப் போனான். எடுத்துப் பாத்தேன். ஆகா! என் உள்ளங்கை நீளம். வெள்ளையும் காப்பிக் கலருமா தேசப்படம் வரைஞ்ச மாதிரி இருக்கு. பெட்டியில வர்ற சரக்கு இதுகிட்ட நிக்குமா? அப்பவே முடிவு பண்ணிட்டேன். வர்றவுக முன்னாடியே இதுல பொண்ணு மாப்பிள்ளை பேரை எழுதிக் கையில குடுக்கணும். சம்பந்தி வீட்டு ஷோகேஸுல காலத்துக்கும் நம்ம கைவேலை நிக்கணும்.

ராக்கு பாத்துட்டா. "அது உசுரோட இருக்கு. செத்துச் சதை அழுகிப் போற வரைக்கும் ஒரு வாரம் மணல்ல புதைச்சு வைக்கணும். ஒடுங்குன பக்கம் கை வச்சிராதீங்க"ன்னா. எனக்குத் தெரியாதா சார்? முப்பத்தோரு வருஷம்! உள்ள கொஞ்சம் சதை இருந்துச்சு, பாத்தேன். இருந்துட்டுப் போகட்டும், பேரை எழுதிட்டு அப்புறம் சுத்தம் பண்ணிக்கலாம்னு நினைச்சேன்.

வந்தாக. அஞ்சு பேரு. கொள்கைக்காரரு, காரு வேனெல்லாம் கெடையாது, பஸ்ஸுலதான் வந்தாக. வில்வநாதன் வெள்ளைக் கதர்ச் சட்டையில எனக்கு எதிர உக்காந்தாரு. பூத்தட்டு, பழத்தட்டு, லட்டு எல்லாம் நடுவுல இருக்கு. நான், "சம்பந்தி, எங்க தொழில் மரியாதை ஒண்ணு செய்யணும்"னு சொல்லிக் கூம்பைக் கையில எடுத்தேன்.

எப்படி எழுதுறதுன்னு சொல்றேன், அப்பத்தான் உங்களுக்கு விளங்கும். சங்குன்னா மடியில வச்சு எழுதலாம். கூம்பு உருளும். இடது கையில ரெண்டு முனையையும் விரலால நெருக்கிப் புடிச்சுக்கிட்டு, சோத்துக்கையால எழுதணும். இந்தத் தெருவுல எல்லாரும் அப்படித்தான் எழுதுறோம். செத்த சிப்பி, அது என்ன செய்யப் போகுது?

பவதாரணின்னு எழுதி முடிச்சேன். பக்கத்துல ஒரு பூப் போட்டேன். அந்தப் பக்கம் 'கோகு' வரைக்கும் வந்திருப்பேன், சுட்டுவிரல்ல சுருக்குன்னுச்சு. எறும்புன்னு நினைச்சேன். லட்டு பக்கத்துல இருந்துச்சுல்ல. அடுத்த எழுத்துக்குப் பிரஷ்ஷை முக்குறேன், விரல் என்னுதில்லாத மாதிரி இருக்கு. அப்புறம் உதடு. பல்லு புடுங்க ஊசி போட்டா உதடு தடிச்சிருக்குமே, அந்த மாதிரி.

எல்லாரும் என்னையே பாக்குறாக. நான் சிரிச்சேன். சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்துச்சு. வில்வநாதன், "என்ன ஆச்சு?"ன்னாரு. ஒண்ணுமில்ல சம்பந்தின்னு சொன்னேன். "ஒழ்ழுமில்ழ ழம்பழ்ழி"ன்னு வந்துச்சு. இமை ரெண்டும் தானா எறங்குது. எதிர ரெண்டு வில்வநாதன் தெரியுறாரு. ஒருத்தரையே சமாளிக்க முடியாமக் கெடக்கேன், ரெண்டாவது எங்கேருந்து வந்தாரு? எந்திரிச்சேன். எந்திரிச்சிருக்கக் கூடாது. முழங்காலு மடங்கிப் பூத்தட்டு மேலயே போயி விழுந்தேன்.

வில்வநாதன் எந்திரிச்சாரு. "காலையில பத்தரை மணிக்கா?"ன்னாரு. மேடையில பேசுற குரலு. அதோட விடல சார், நின்ன எடத்துலயே அஞ்சு நிமிசம் பேசினாரு. குடியினால எத்தனை குடும்பம் அழிஞ்சது, எந்த ஊருல எத்தனை பேரு செத்தாக, எல்லாம். நான் சாகக் கெடக்கேன். கடைசியாக் கேட்ட பேச்சு அதுதான்னு ஆயிருந்தா எவ்வளவு கேவலம்!

இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி, "சிப்பி... கடிச்சிருச்சு"ன்னேன். அவரு கூட வந்தவுகளைப் பாத்து, "சிப்பி கடிச்சுதாம்! இத்தனை வருஷத்துல குடிகாரன் சொல்ற காரணத்துல இது புதுசு"ன்னாரு. அவுகளும் தலையை ஆட்டுறாக. எம்மக செவத்துல சாஞ்சு நிக்கிது. அழுகக்கூட இல்ல. அந்த மூஞ்சியைப் பாத்தேன் பாருங்க சார், விஷத்தை விட அதுதான் எனக்குத் தாங்கல.

போனவரு சும்மா போயிருக்கலாம்ல? கீழ கெடந்த கூம்பை எடுத்தாரு. "என் மகன் பேருல பாதி இதுல இருக்கு. ஒரு குடிகாரன் வீட்டுல அது கெடக்க வேணாம்"னு சொல்லிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. வேணாம் சம்பந்தின்னு சொல்லப் பாக்குறேன், வாய் வரல. ரெண்டு கையையும் தூக்கினேன். மன்னிப்புக் கேட்டுக் கும்புடுறேன்னு நினைச்சுக்கிட்டு, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு.

தமயந்தி, 'ந்தி'தானே? எழுதிட்டேன். காயட்டும்.

அவுக தெரு முக்குத் திரும்பினதும் அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் உள்ள வந்துருச்சு. "விடுங்கக்கா, வழக்கமானதுதானே. மோரைக் குடுத்துப் படுக்க வைங்க, சாயங்காலம் தெளிஞ்சிரும்"ங்குறாக. ஒருத்தன் தலைமாட்டுக்குத் தலகாணி எடுத்துட்டு வந்துட்டான். அதுவரைக்கும் அடுப்படி வாசல்லயே நின்ன ராக்கு அப்பத்தான் கிட்ட வந்தா. கீழ உக்காந்து என் விரலைப் பாத்தா, அப்புறம் வாய மோந்து பாத்தா. தெருவே மூச்சை அடக்கிக்கிட்டு நிக்கிது. ஒருக்க மோந்தா. இன்னொருக்க மோந்தா. எந்திரிச்சுச் சத்தமாச் சொன்னா: "வாடை இல்ல. குடிக்கல. தூக்குங்க!"

பாத்தீங்களா கொய்யா இலையோட சக்தியை? இருபத்தாறு வருஷம் ஏமாறாத மூக்கு!

அவ்வளவுதான் சார், தெருவே பாஞ்சு வந்துச்சு. ராக்கு குடிக்கலன்னு சொல்லிட்டா அது அரசாங்க முத்திரை குத்துன மாதிரி. பாசிமணிக் கடைக்காரன் காலைப் புடிச்சான், இளநீர்க்காரன் தலையப் புடிச்சான், ஆட்டோக்காரன் ஒருவழிப்பாதையில எதிர்த்தாப்புல வுட்டான். முன்னாடி ரெண்டு பேரு ஓடிக் கோயில் கூட்டத்தை வெலக்குறாக. ராக்கு என் விரல்ல இருந்த பொட்டுப் புள்ளியைப் பாத்துட்டுத் துண்டைக் கிழிச்சு விரல்லேருந்து தோள் வரைக்கும் சுத்திக்கிட்டே வர்றா.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா, "குடிச்சிருக்காரா?"ன்னுதான் முதல்ல கேட்டாக. ராக்கு, "இல்ல. கூம்பு குத்திருச்சு. எங்க அப்பா கூட்டாளி ஒருத்தரு இப்படித்தான் போனாரு. இதுக்கு மாத்து மருந்து கெடையாது, மூச்சை மட்டும் விட்டுராமப் புடிச்சுக்குங்க, மிச்சம் தானா எறங்கிரும்"னா. டாக்டரம்மா யாருக்கோ போன் போட்டுக் கேட்டாக. அங்கேயும் அதையேதான் சொன்னாக. மூக்கையும் வாயையும் மூடி ஒரு ரப்பர் பைய மாட்டி, ஆள் மாத்தி ஆள் அமுக்கி மூச்சுக் குடுத்தாக.

இதுல ஒரு கொடுமை கேளுங்க. ஒடம்புல ஒண்ணும் அசையாது, கண்ணு தெறக்காது, ஆனா காது நல்லாக் கேக்கும். நான் நினைவில்லாமக் கெடக்கேன்னு நினைச்சு அவனவன் என்னைப் பத்திப் பேசுறான். இளநீர்க்காரன், "மனுசன் மோசமில்ல, வாய்தான் கொஞ்சம் நீளம்"ங்கிறான். டாக்டரம்மா வயசு கேக்குறாக, ராக்கு உண்மை வயசைச் சொல்றா. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன்.

அப்பத்தான் எனக்குப் பகீர்னுச்சு. கூம்பு சம்பந்தி சட்டைப் பையில இருக்கே! யாருகிட்ட சொல்ல, எப்படிச் சொல்ல? அந்த மனுசனுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு மனசார வேண்டிக்கிட்டேன் சார். ரொம்பக் கொஞ்சம்தான் வேற மாதிரியும் நினைச்சேன்.

நல்லவேளை ராக்கு, "அந்தக் கூம்பு எங்க?"ன்னு கேட்டா. எம்மக சொல்லுச்சு. சொன்ன கையோட மாப்பிள்ளைக்குப் போன் போட்டுச்சு. அவரு எடுத்ததுமே, "பவதாரணி, அப்பா தள்ளாடுறாரு"ன்னாராம்.

பஸ் ஸ்டாண்டுல நடந்ததை நான் பாக்கல. பாத்தவன் நாப்பது பேரு. ஒவ்வொருத்தனும் தனித்தனியா வந்து சொன்னான், நானும் ஒவ்வொரு தடவையும் முழுசாக் கேட்டேன். பரமக்குடி பஸ்ஸுல ஏறப் போயிருக்காரு. படியில கால் நிக்கல. கண்டக்டர், "யோவ், குடிச்சிட்டு ஏறாத. எறங்கு"ன்னிருக்காரு. இவரு, "நான் யாரு தெரியுமா? மழு ஒழிப்பு மழ்ழத் தழைவரு"ன்னிருக்காரு. சனம் சிரிச்சிருக்கு. போன மாசம் அதே எடத்துல மைக் புடிச்சு ரெண்டு மணி நேரம் பேசினவரு சார்! நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "சிப்பி கழிச்சிருச்சு"ன்னிருக்காரு. ஒருத்தன் அதைச் செல்லுல படம் புடிச்சு, அவரு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்றதுக்குள்ள பரமக்குடிக்கே அனுப்பிட்டான்.

என் பக்கத்துக் கட்டில்லதான் போட்டாக. அவருக்கு அவ்வளவு மோசமில்ல. விஷத்தை முழுசா எனக்குக் குடுத்துட்டு மிச்சத்தைத்தான் அவருக்குக் குடுத்திருக்கு. மருவாதி தெரிஞ்ச நத்தை.

மறுநாள் காலையில ரெண்டு பேருக்கும் பேச்சு திரும்புச்சு. அவரு என் கட்டில் பக்கம் திரும்பிப் படுத்தாரு. அப்புறம், "நம்புராஜன், நான் குடிக்கலன்னு எங்க ஊருல ஒரு ஆளும் நம்பாது. இந்த ஒலகத்துலயே அது தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான். மன்றத்துல வந்து ஒரு வார்த்தை சொல்லணும்"னாரு. கும்புட்டாரு சார். குளுக்கோஸ் ஊசி குத்துன கையோட கும்புட்டாரு. நான், "சம்பந்தி"ன்னேன். அவரு, "சம்பந்தி"ன்னாரு. முடிஞ்சு போச்சு. ஆவணியில தேதி குறிச்சாச்சு. சொல்லுங்க, எம்மக கல்யாணத்தை முடிச்சு வச்சது யாரு? ராக்கு சொன்ன மாதிரி மணல்ல புதைச்சிருந்தா இது நடந்திருக்குமா?

போன வாரம்தான் பரமக்குடிக்குப் போனோம், நானும் ராக்குவும். மேடை, மைக், முன்னூறு பேரு. எந்திரிச்சு எல்லாத்தையும் சொன்னேன். "அன்னைக்கு நாங்க ரெண்டு பேருமே ஒரு சொட்டுத் தொடல"ன்னு முடிச்சேன். அப்படி ஒரு கைதட்டல். சம்பந்தி அழுதுட்டாரு. மது தொடாத மாமனிதருன்னு சொல்லி எனக்குச் சரிகை போட்ட பொன்னாடை போத்துனாக.

திரும்பி வர்றப்ப பஸ்ஸுல ராக்கு பக்கத்துல உக்காந்திருக்கா. எனக்குச் சந்தோசம் தாங்கல. நம்ம திறமையை யாருகிட்டயாவது சொல்லணும்ல? மெதுவா, "ராக்கு, அன்னைக்கு நான் ஒரு கட்டிங் போட்டிருந்தேன். ரெண்டே ரெண்டு கொய்யா இலை, உன் மூக்கையே ஏமாத்திருச்சு பாத்தியா"ன்னேன்.

அவ என் பக்கம் திரும்பல. "மோந்தப்ப எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு"ன்னா.

"அப்ப ஏன் வாடை இல்லன்ன?"

"குடிச்சிருக்காருன்னு சொல்லியிருந்தா மோரைக் குடுத்துப் படுக்க வச்சிருப்பாக. மத்தியானத்துக்குள்ள செத்திருப்பீங்க"ன்னா. அப்புறம் சொன்னா: "குடிச்சிருக்காரு, குடிச்சிருக்காருன்னு இருபத்தாறு வருஷமா தெருவுல நின்னு உண்மையைக் கத்துனேன். ஒரு பய எந்திரிச்சு வரல. ஒரே ஒரு நாள் குடிக்கலன்னு பொய் சொன்னேன். தெருவே ஓடியாந்துச்சு."

மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டேன் சார். அவ்வளவு வெக்கமா இருந்துச்சு. அவ அழுகல, நான்தான் அழுதேன். தொடைக்கத் துண்டு தேடுனேன், கொண்டு போகல. மடியில கெடந்த பொன்னாடையை எடுத்துத் தொடைச்சேன். சரிகைத் துணி, கண்ணெல்லாம் உறுத்துச்சு.